பேசலாம், சத்தம் கூடாது

அட்மின்களில் பல வகை உண்டு. காலையில் பூவும் கோபுரமும் அனுப்பி, மாலையில் பூண்டு தின்றால் எந்த நோயும் வராது என்று அனுப்பும் குடும்ப அட்மின். பழைய வகுப்புப் புகைப்படத்தைப் போட்டு 'இதில் நான் எங்கே?' என்று கேட்டு, யாரும் பதில் சொல்லாததால் தானே தன் தலையைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டும் பழைய மாணவர் அட்மின். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது எழுதினால் 'இங்கே அரசியல் பேசாதீர்கள்' என்று அதட்டும் தெரு நலச் சங்க அட்மின். இவர்களை எல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள், பொறுத்திருப்பீர்கள், ஒலியை அணைத்து ஒரு மூலையில் போட்டிருப்பீர்கள். ஆனால் அட்மின் குலத்துக்கு ஒரு சிகரம் உண்டு. அதுதான் அமைதி அட்மின். எல்லோரும் கலந்து பேச வேண்டும் என்பதற்காகவே குழு தொடங்கிவிட்டு, யாராவது பேசிவிடப் போகிறார்களே என்று தூக்கம் கெடுகிறவர்.

இந்த இனம் எங்கும் பரவியிருக்கிறது. ஆனால் கலப்படமில்லாத வடிவில் பார்க்க வேண்டும் என்றால் நூலகத்துக்குத்தான் போக வேண்டும். மற்றவர்கள் அட்மின் ஆன பிறகுதான் பிறர் வாயை மூடக் கற்றுக்கொள்கிறார்கள். நூலகர் அதற்குச் சம்பளம் வாங்கியவர்.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி கல்வராயன் மலைப் பக்கம் போனால், பஸ் மூச்சு வாங்கத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஊர் வரும். பெயர் வேண்டாம், அங்கே ஏற்கெனவே போதுமான சண்டை இருக்கிறது. அதன் கடைத்தெருவில், வளையலும் பொம்மையும் பேனாவும் விற்கிற ஒரு ஃபேன்சி ஸ்டோருக்கு நேர் எதிரே, ஜன்னல் மலையைப் பார்த்தபடி ஒரு கிளை நூலகம். அதன் நூலகர் வீரமுத்து.

வீரமுத்துவைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அவருடைய வலது கை ஆள்காட்டி விரல். பல வருஷமாக ஒரே வேலையைச் செய்து செய்து அது தனக்கென்று ஒரு புத்தியை வளர்த்துக்கொண்டுவிட்டது. எங்கே சத்தம் கேட்டாலும் அவரிடம் அனுமதி கேட்காமல் எழுந்து உதட்டின் மேல் போய் நின்றுகொள்ளும். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் நிற்கும். மலை பஸ் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்தால் நிற்கும். சொந்த மைத்துனன் கல்யாணத்தில், தாலியைக் கையில் எடுத்த நேரத்தில், தவில்காரர் கெட்டி மேளத்துக்குக் கோலை ஓங்க, மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்த வீரமுத்துவின் விரல் எழுந்துவிட்டது. தவில்காரர் மரியாதை தெரிந்தவர், நிறுத்திவிட்டார். அந்தத் தாலி மௌனத்தில் ஏறியது. மைத்துனன் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

பேச்சுக்கு வீரமுத்து எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். புத்தகம் படித்தவர்கள் பேச வேண்டும், விவாதிக்க வேண்டும், அதில்தான் அறிவு வளரும் என்று அவர் மனதார நம்பினார். சொல்லவும் செய்தார், காதருகே வந்து, கிசுகிசுப்பாக. 'பேசலாம், சத்தம் கூடாது' என்பது அவருடைய கொள்கை. செய்தித்தாளைக்கூடத் தூக்கிப் புரட்டக் கூடாது, பக்கத்தை நழுவவிட வேண்டும். படபடவென்று புரட்டினால் விரல் எழும். இதனால் அரசியல் பேச வேண்டியவர்கள் எல்லாம் எதிர்க் கடைப் படிக்கட்டுக்குக் குடிபோனார்கள். அந்தக் கடைக்கு முதலாளி ஷர்புன்னிசா. கல்லாவில் உட்கார்ந்தபடியே நூலகத்தின் கதைப் புத்தகங்களில் பாதியை முடித்தவர். மீதிப் பாதியை, முடிக்கத் தகுதி இல்லாதவை என்று திருப்பி அனுப்பியவர்.

ஆனால் மனிதர்களை அவ்வளவு சுலபமாக அடக்கிவிட முடியுமா? வாயை மூடினால் பேனா திறந்துகொண்டது. அந்த நூலகத்துப் புத்தகங்களின் ஓரங்கள் இருக்கின்றனவே, அவை ஒரு தனிச் சந்தை. முதல் பக்கத்தில் ஒருவர் 'கதை போகப் போக மோசம்' என்று எழுதியிருப்பார். கீழே இன்னொருவர், 'கடைசி வரை படித்துவிட்டுப் பேசவும்.' அதற்கும் கீழே முதலாமவர், 'படித்துவிட்டேன், மோசம்தான், விவரம் பக்கம் 93.' நீங்களும் ஆவலோடு 93-ஐப் புரட்டினால் அங்கே, 'இவ்வளவு தூரம் வந்தீர்களே, வீட்டில் வேலை இல்லையா?' சில புத்தகங்கள் பஸ்ஸில் வெள்ளிமலைக்குப் போய், அங்கே சாமை விதைத்துக் களை எடுக்கிற வீடுகளில் நாலைந்து கை மாறி, பதிலோடு இறங்கி வரும். அந்தப் பதில்களில் பெரும்பங்கு எழில்மதியுடையது. மலையில் அவளுக்கு நிலம் கொஞ்சம், அபிப்பிராயம் நிறைய. சந்தை நாளில் பஸ் நூலக வாசலில்தான் நிற்கும். இறங்கிப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு, காய் விற்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள்.

வீரமுத்துவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனாவும் ஒரு ரப்பரும் இருக்கும். பேனா பதிவேட்டுக்கு. ரப்பர் இந்த ஓரக் குறிப்புகளுக்கு. நூலகத்துக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமையில், ஊர் தன் வேலையைப் பார்க்கும்போது அவர் கதவைச் சாத்திக்கொண்டு அழிப்பார். பென்சில் என்றால் அழியும். மை என்றால் மேலே வெள்ளைத் தாளைப் பட்டையாக வெட்டி ஒட்டுவார். வாசகர்களுக்கு இது மிகவும் பிடித்திருந்தது. ஓரத்தில் இடம் போதாமல் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சுத்தமான புதுத் தாள் கிடைத்தது.

இப்படிப் போர் சமமாக நடந்துகொண்டிருந்தபோதுதான் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. காலம் மாறிவிட்டது, புத்தகத்தைக் கொடுத்து வாங்குவதோடு நூலகத்தின் வேலை முடிந்துவிடவில்லை, ஊடாடும் இணையத் தொழில்நுட்பங்கள் வழியாக வாசகர்கள் தங்களுக்குள்ளும் நூலகரோடும் கருத்துப் பரிமாற வேண்டும், அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், பரிமாற்றம் இல்லாத கிளைகள் நகரத்தில் உள்ள பெரிய நூலகத்தோடு சேர்க்கப்படும். நடுவில் இருந்ததை எல்லாம் ஒருமுறையும், கடைசி வரியைப் பலமுறையும் வீரமுத்து படித்தார்.

சேர்ப்பது என்றால் என்ன? புத்தகங்கள் லாரியில் போகும். மலைக்காரர்கள் இன்னொரு பஸ் ஏறி அத்தனை தூரம் புத்தகத்துக்காக வர மாட்டார்கள். மலை தெரிகிற அந்த ஜன்னலில் யாராவது செல்போன் ரீசார்ஜ் பலகை மாட்டுவார்கள். வீரமுத்து பெரிய நூலகத்தில் இரண்டாவது ஆளாகப் போக வேண்டும். அங்கே இருக்கிற முதல் ஆள் தும்மினாலே முறைப்பவர். யோசித்துப் பாருங்கள், ஒரு விரல் இன்னொரு விரலுக்குக் கீழே எப்படி வேலை செய்யும்?

அன்றே குழு தொடங்கினார். பெயர்: 'கிளை நூலக வாசகர் கருத்துப் பரிமாற்ற அரங்கம், அதிகாரபூர்வமானது.' சேர விரும்புகிறவர் நேரில் வந்து படிவம் நிரப்பி, ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவரிடம் ஜாமீன் கையெழுத்து வாங்கி வர வேண்டும். நூலக நேரத்தில் மட்டுமே கருத்துப் பரிமாறலாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பரிமாறக் கூடாது. வெள்ளிக்கிழமை கருத்துகளுக்கு விடுமுறை. காலை வணக்கம், இரவு வணக்கம், இடையில் எந்த வணக்கமும் வேண்டாம். குரல் பதிவு அறவே கூடாது, அது சத்தம். கைதட்டும் படம் கூடாது, அதுவும் சத்தம். சிரிக்கும் முகம் அனுப்பலாம், ஆனால் வாயை மூடிச் சிரிக்கும் முகமாக இருக்க வேண்டும். விதிமுறைகளைப் படித்துவிட்டு ஷர்புன்னிசா 'சரிங்க சார்' என்று பதில் போட்டார். அப்போது மத்தியானம். நீக்கப்பட்டார்.

மறுபடி ஜாமீன் பிடித்துச் சேர்ந்து, 'இப்ப பேசலாமா?' என்று கேட்டார். கேள்வி நூல் தொடர்பானது இல்லை. நீக்கப்பட்டார்.

மூன்றாவது முறை சேர்ந்தபோது அவர் எதுவும் சொல்லவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் சொல்லவில்லை. இருந்தாலும் யாராவது சொல்லிவிடலாம் என்ற பயத்தில், அட்மின் மட்டுமே எழுதலாம் என்ற பூட்டை வீரமுத்து போட்டுவிட்டார். அதன் பிறகு குழுவில் ஒரு அருமையான அமைதி நிலவியது. தினமும் காலையில் அவர் 'இன்றைய கருத்துப் பரிமாற்றம் தொடங்குகிறது' என்று எழுதுவார். மாலையில் 'இன்றைய கருத்துப் பரிமாற்றம் இனிதே நிறைவுற்றது' என்று எழுதுவார். இடையில் ஒரு ஈ கூடப் பறக்காது. இணையம் என்றால் இரைச்சல் என்று யாரோ தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

மின்னூல் சேவை தொடங்கியது இந்தச் சமயத்தில்தான். மேலிடமே சில புத்தகங்களைப் பி.டி.எஃப். கோப்புகளாக அனுப்பியிருந்தது, வாசகர்களுக்குக் கொடுங்கள் என்று. வீரமுத்து கொடுத்தார். எப்படி? முதலில் ஒவ்வொரு கோப்புக்கும் வரிசை எண். பிறகு முத்திரை: வெள்ளைத் தாளில் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி, அதைப் படம் பிடித்து, கோப்பின் முதல் பக்கத்திலும், நூலகர்கள் மட்டுமே அறிந்த ரகசியப் பக்கத்திலும் ஒட்டினார். பிறகு ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும், பதினான்கு நாள் தவணையில். படித்து முடித்ததும் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஆமாம், கோப்பைத்தான். திருப்பி அனுப்ப வேண்டும்.

அனுப்பினார்கள். அதுதான் ஆச்சரியம். கரும்பு வெட்டுகிற சின்னக்கண்ணு, ராஜா கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் என்கிறவர், தவணைக்கு முந்தின நாளே திருப்பிவிட்டு, தவறாமல் போனும் செய்தார்: "சாரு, புக்கு வந்து சேந்துச்சிங்களா? நடுவுல நாலு பக்கம் தெரியலைங்க. அது நெட்டு கம்மி. கிழிச்சது நான் இல்லீங்க." வீரமுத்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, மடிப்பு, கறை, கிழிசல் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பதிவேட்டில் சிவப்புப் பேனாவால் வரவு வைத்தார்.

ஷர்புன்னிசா அப்படி அல்ல. வளையல் அட்டையைத் துடைத்தபடியே வாசலிலிருந்து கேட்டார்: "இன்னா சார், திருப்பி அனுப்பிட்டேன். ஆனா எங்கிட்டயும் அப்பிடியே கீதே. குடுக்கக் குடுக்க ஜாஸ்தியாவுது. இத எந்தக் கணக்குல வெப்பீங்க?" வீரமுத்து அன்று மாலை வரை யோசித்தார். மறுநாள், அழித்துவிட்டு, அழித்ததற்கான படம் அனுப்ப வேண்டும் என்று புதிய விதி வந்தது.

எல்லாவற்றுக்கும் உச்சம் மலை மேலே இருக்கிற கரியாலூரில் நடந்தது. அங்கே ஒருவர், அருவிக்கு வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு டீ விற்கிறவர், ஒரு நாவல் கோப்பை இரவல் வாங்கிக்கொண்டு மலை ஏறினார். ஏறிய இடத்தில் டவர் இல்லை. தவணை கடந்தது, மழைக்காலமும் கடந்தது. கீழே அதே நாவலுக்கு எத்தனையோ பேர் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் வீரமுத்து வருத்தத்தோடு சொன்ன பதில், புத்தகம் வெளியே போயிருக்கிறது, வந்ததும் தருகிறேன். அப்படிச் சொல்லும்போது அந்தக் கோப்பு அவருடைய சட்டைப் பையில், ரப்பருக்குப் பக்கத்தில், செல்போனுக்குள் பத்திரமாக இருந்தது. இருந்தால்? வெளியே போன புத்தகத்தை இன்னொருவருக்குக் கொடுக்கிற பழக்கம் அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கிடையாது.

சிரிக்காதீர்கள். அந்த ஒழுங்கில் ஒரு காதல் இருக்கிறது. காதல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் தகவல் வந்தது. பெரியநாயகி என்ற அதிகாரி வருகிறார். வாசகர்களின் கருத்துப் பரிமாற்றத்தைக் கண்ணெதிரே பார்த்து, அங்கேயே அறிக்கை எழுதுவார். கிளை நிற்பதும் போவதும் அந்த அறிக்கையில். வீரமுத்து குழுவைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்தார். தொடங்குகிறது, நிறைவுற்றது, தொடங்குகிறது, நிறைவுற்றது. வேறு ஒரு எழுத்து இல்லை. முதல் தடவையாக அந்த அமைதி அவருக்கே பயமாக இருந்தது.

பூட்டைத் திறந்தார். 'வாசகர்கள் அனைவரும் இன்று முதல் தாராளமாகப் பேசலாம்' என்று எழுதினார். எல்லோரும் படித்ததற்கு அடையாளமாக நீலக் கோடுகள் வரிசையாக விழுந்தன. பேச்சு விழவில்லை. 'எந்த நேரத்திலும் பேசலாம்' என்றார். நீலக் கோடு. 'நீக்க மாட்டேன்' என்றார். இது யாரையோ மாட்டிவிடுவதற்கான சூழ்ச்சி என்று முடிவு செய்த ஒருவர் தானாகவே வெளியேறினார்.

வேறு வழியில்லாமல் தெருவைக் கடந்து ஷர்புன்னிசாவின் கடைக்குப் போனார். போனவர் வாயைத் திறப்பதற்குள் அவர் முக்காலியை எடுத்துப் போட்டார். ஆள் வாடியிருந்தால் முதலில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவருடைய வியாபார முறை.

"ஒரே ஒரு வார்த்தைமா. நூலகம் நல்லா இருக்குதுன்னு போட்டாப் போதும்."

"வாயில வெரலு வெச்சி வெச்சி எங்களுக்குப் பேச்சே மறந்துபூச்சி சார். இப்ப வந்து பேசு பேசுன்னா, சாவி குடுத்தா பேசற பொம்மையா நாங்க? அது வோணும்னா கடையில கீது, எடுத்துக்கினு போங்க."

"பேசலைன்னா லைப்ரரியத் தூக்கிடுவாங்கம்மா."

ஷர்புன்னிசா வளையல் அட்டையைக் கீழே வைத்தார். நூலகம் போனால் அந்தக் கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுதும் எதைப் பார்ப்பது, எதிர்ச் சுவரையா? போடுகிறேன் என்றார். ஆனால் அதிகாரி வந்த அன்று, நல்ல பிள்ளையாக செல்போனை எடுத்து, எழுதலாம் என்று நினைக்கும்போது கை வரவில்லை. எழுதுவார், அழிப்பார். நேரம் சரியா? இது நூல் தொடர்பானதா? வீரமுத்துவின் விரல் கண்ணாடி வழியே எழுந்து வருவது போலவே இருந்தது. ஊர் முழுக்க அதே கதை. வெள்ளிமலையில் எழில்மதி எழுதினாள், அழித்தாள். கரும்புக் காட்டில் சின்னக்கண்ணு எழுதினார், அழித்தார். வீரமுத்துவின் திரையில் 'எழுதுகிறார்' என்று தெரிவதும் மறைவதுமாக இருந்தது, மூச்சு வாங்குகிற நோயாளியின் மார்பு மாதிரி.

பெரியநாயகி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி உட்கார்ந்திருந்தார். தன்னையும் குழுவில் சேர்க்கச் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் கேட்டது வீரமுத்துவிடம். கை பழக்கத்தில் படிவத்தை எடுத்து நீட்டிவிட்டு, ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அதிகாரி படிவத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு அவருடைய செல்போனையே வாங்கி மேசை நடுவில் வைத்துக்கொண்டார். இருவரும் அதையே பார்த்தார்கள். மின்விசிறி சுற்றியது. வீரமுத்து கையை நீட்டி 'பேசவும்' என்று எழுதினார். ஒரு கும்பிடும் கை வந்தது. அதுவும் உடனே அழிக்கப்பட்டது.

அதிகாரி பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பச்சை மை. அந்தப் பச்சையைப் பார்த்ததும் வீரமுத்துவுக்கு லாரி தெரிந்தது, காலி அலமாரி தெரிந்தது, ஜன்னலில் ரீசார்ஜ் பலகை தெரிந்தது.

பதற்றம் வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள். வீரமுத்து அழிப்பார். கை தானாக ரப்பரை எடுத்தது. மேசை மேல் இருந்த புத்தகத்தைத் தானாகத் திறந்தது. காலை பஸ்ஸில் வந்து இறங்கிய புத்தகம், நகரத்துக்காரர் ஒருவர் எழுதிய சிறுதானியச் சமையல். திறந்த பக்கத்தில் சாமை பிரியாணி. ஒரு பங்கு சாமைக்கு நான்கு பங்கு தண்ணீர் என்று அச்சில் இருந்தது. ஓரத்தில் நீல மையில்: 'சாமையில் பிரியாணி செய்யச் சொன்னவரைப் பிடித்து உள்ளே போடவும்.' கீழே பென்சிலில்: 'வெள்ளிமலைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் பேசவும்.' அதற்கும் கீழே வேறு ஒரு மையில்: 'நாலு தண்ணீர் ஊற்றினால் அது பிரியாணி இல்லை, கூழ். விவரம் பக்கம் 40.' பக்கம் முழுக்க மஞ்சள் கறை வேறு.

அவ்வளவுதான். கிளை மறந்தது, அதிகாரி மறந்தார், லாரி மறந்தது. நூலகர் மட்டும் மிஞ்சினார். மேசையிலிருந்து செல்போனைப் பிடுங்கி, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, குழுவில் போட்டு, கீழே எழுதினார்: 'பொதுச் சொத்தைப் பாழாக்கியது யார்? உடனே ஒப்புக்கொள்ளவும்.'

எதிர்க் கடையிலிருந்து, சற்றும் அழிக்கப்படாமல், ஒரு செய்தி வந்தது: 'எழுதுனது நான் இல்ல. ஆனா எழுதுனது நியாயம்.'

வெள்ளிமலையிலிருந்து எழில்மதி பாய்ந்தாள். 'எது நியாயம்? எங்க சாமைக்கு ஜெயிலா? மலைக்கு வாங்க, சாப்பிடுங்க, அப்புறம் யாரை வேணும்னாலும் உள்ள போடுங்க.' பிரியாணி என்றால் சீரகச் சம்பா, மற்றதெல்லாம் உப்புமா என்றது கடைத்தெரு. கடைத்தெருக்காரர்களுக்கு வாயைத் தவிர வேறு எதிலும் ருசி கிடையாது என்றது மலை. தண்ணீர் இரண்டு என்றார் ஒருவர், இரண்டரை என்றார் இன்னொருவர், தண்ணீரே வேண்டாம், மோர் ஊற்ற வேண்டும் என்று ஒருவர் புதிதாக ஒரு கட்சி தொடங்கினார். ஊர் விட்டு ஊர் போனவர்கள், உறுப்பினர் என்பதையே மறந்தவர்கள், எல்லோரும் எழுந்து வந்தார்கள். கரியாலூர் டீக்கடைக்காரர்கூட எங்கோ ஒரு பாறை மேல் ஏறி டவர் பிடித்து, நடுவில் புகுந்து, இரவல் நாவலையும் திருப்பி அனுப்பிவிட்டு, சாமைக்கு ஆதரவாக ஒரு ஓட்டும் போட்டார்.

பெரியநாயகி செல்போனை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சின்னக்கண்ணுவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்து நின்றது. அதை அழுத்தினார். கரும்புக் காட்டின் காற்றும், அரிவாள் சத்தமும், நாலு பேர் சிரிப்பும் நூலகத்துக்குள் கொட்டின: "சாரு, எங்க வூட்டுல செஞ்சிப் பாத்தோங்க. புக்குல போட்டாப்பல நாலு தண்ணி ஊத்தினோம். கடைசியில டம்ளருல ஊத்திக் குடிச்சிட்டுப் படுத்துக்கினோங்க."

அதிகாரிக்கு மூக்கு நுனியிலிருந்த கண்ணாடி ஆடியது. அவர் திருக்கோவிலூர்க்காரர், ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர், தண்ணீர் அளவைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் இல்லாமல் இருக்குமா? "ஊற வெச்சாங்களா இல்லையா? அத யாருமே கேக்கலையே" என்று முணுமுணுத்தபடி எழுதியும்விட்டார்: 'முதலில் ஊற வைத்தீர்களா?'

எழுதியது வீரமுத்துவின் செல்போனில். செய்தி அட்மின் பெயரில் போனது.

குழு அதை இரண்டாவது முறை படித்துப் பார்த்தது. லைப்ரரி சார் சமையல் பேசுகிறார். சாப்பாட்டு நேரத்தில். கேள்விக் குறியோடு. பிறகு அணை உடைந்தது. குரல் பதிவுகள், கைதட்டல்கள், பல்லைக் காட்டிச் சிரிக்கிற முகங்கள். ஷர்புன்னிசா எழுதுவதோடு நிறுத்தாமல், எழுதியதைக் கடை வாசலில் நின்று உரக்கச் சொல்லவும் ஆரம்பித்தார். அதற்குப் படிக்கட்டுக்காரர்கள் பதில் சொன்னார்கள். மலை பஸ் வந்து நின்று, என்ன விஷயம் என்று கேட்டு, பஸ்ஸுக்குள்ளேயும் இரண்டு கட்சி ஆனது. நூலகத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வீரமுத்து ஜெயித்துவிட்டார். கிளை தப்பிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் இந்தச் சத்தம் நீடித்தால் போதும், அதிகாரி எழுதிவிடுவார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்து என்ன? விரல் எழுந்துவிட்டது. இடது கையால் அதைப் பிடித்து மடியில் அமுக்கினார். நழுவி எழுந்தது. தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். கண்ணை மூடி, சேர்ப்பு, லாரி, பெரிய நூலகம் என்று சொல்லிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு காட்சி.

பெரியநாயகியின் ஆள்காட்டி விரல் அவருடைய உதட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது.

அதிகாரி ஆவதற்கு முன் அவர் நூலகர். அதை யாரும் வீரமுத்துவுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பேசட்டுங்க" என்றார் அதிகாரி, கிசுகிசுப்பாக. "நல்லாத்தான் பேசறாங்க. கொஞ்சம் சத்தம் இல்லாம பேசச் சொல்லுங்களேன்."

வீரமுத்துவின் கட்டைவிரல் பூட்டின் மேல் விழுந்தது. அட்மின் மட்டும். தெருவில் ஷர்புன்னிசாவின் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. பஸ் கிளம்பியது. மின்விசிறி சுற்றுவது மறுபடி கேட்டது. இரண்டு பேரும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து மூச்சு விட்டார்கள்.

அறிக்கை இரண்டு வரி. வாசகர்களின் கருத்துப் பரிமாற்றம் மிகச் சிறப்பு, கிளை தொடரலாம். சத்தம் மட்டும் குறைக்கப்பட வேண்டும்.

பேனாவை மூடப்போன அதிகாரி தயங்கினார். ஊற வைத்தீர்களா என்று கேட்டாரே, அதற்குப் பதில் வந்திருக்கவில்லை. குழு பூட்டியாகிவிட்டது. மனதுக்குள் ஒரு விஷயம் முழுதாக வெந்து இறக்கக் காத்திருந்தது. அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கொடுங்கள் என்றார். வீரமுத்து கொடுத்தார். சாமை பிரியாணிப் பக்கத்தில், ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில், அதிகாரி அழகான கையெழுத்தில் எழுதினார்: 'ஊற வைத்தால் இரண்டு பங்கு தண்ணீரே போதும்.' அதன் கீழே, பழக்கத்தில், ஒரு சுருக்கக் கையெழுத்தும் தேதியும்.

அவர் போன பிறகு வீரமுத்து ரப்பரை எடுத்தார். பிறகு வெள்ளைத் தாளை எடுத்தார். இரண்டையும் வைத்துவிட்டார். பச்சை மை. அதிகாரிகளின் மை. கையெழுத்தும் தேதியும் உள்ளது. ஒரு நூலகருக்கு அதை அழிக்கவோ மறைக்கவோ அதிகாரம் கிடையாது. அது அந்தப் பக்கத்தில் ஓர் அரசாணையாக உட்கார்ந்துவிட்டது.

இன்று அந்தக் குழுவில் அமைதி நிலவுகிறது. தொடங்குகிறது, நிறைவுற்றது. புத்தகம் மட்டும் ஓய்வில்லாமல் மலைக்கும் கடைத்தெருவுக்கும் கரும்புக் காட்டுக்கும் போய் வந்துகொண்டிருக்கிறது. பச்சை வரிக்குக் கீழே எழில்மதி: 'மேடம் சொல்வது எங்கள் மலைச் சாமைக்குப் பொருந்தாது.' அதற்குக் கீழே தெரியாத யாரோ: 'அரசாணையை மதிக்கவும்.' அதற்கும் கீழே, போன வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு, அக்கம் பக்கம் பார்த்துவிட்டு எழுதப்பட்ட சிவப்பு வரி ஒன்று: 'ஊற வைத்தேன். வீட்டில் செய்தேன். இரண்டு போதாது. என் கருத்து பக்கம் 40-இல்.'

நாற்பதாம் பக்கம் முழுக்கச் சிவப்பு. அதன் மேல் ஷர்புன்னிசா தன் கடைப் பேனாவால் ஒரு கேள்வி மட்டும் எழுதியிருக்கிறார்: 'ஜாமீன் யாருங்க சார்?'

நீங்கள் அட்மின் இல்லை, உங்களுக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை என்கிறீர்கள். இருக்கட்டும். போன வாரம் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, மனம் விட்டுப் பேசலாம் என்று சொல்லிவிட்டு, முதல் ஆள் வாயைத் திறந்ததும் 'முதலில் நான் சொல்வதைக் கேள்' என்றது யார்? ஆலோசனைக் கூட்டத்தில் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டு, சொன்னவரை இன்றுவரை மறக்காமல் வைத்திருப்பது யார்? இல்லவே இல்லை என்று மறுக்க நினைக்கிறீர்கள். தாராளமாக மறுக்கலாம். முதலில் அந்த விரலை உதட்டிலிருந்து இறக்குங்கள்.